நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது: இன்ஜினியர்களோடு வேலை செய்யத் தொடங்கும் ப்ராடக்ட் மேனேஜருக்கு

ஒரு டெவலப்பர் ஒரு நாளில் எத்தனை முடிவு எடுக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். பெயர்ப் பெட்டியில் எத்தனை எழுத்து வரை விடுவது, நெட் பாதியில் அறுந்தால் திரையில் என்ன காட்டுவது, பொறுமை இழந்து ஒருவர் ஒரே பட்டனை மூன்று முறை அழுத்தினால் என்ன ஆவது, பட்டியலில் எது மேலே வருவது. இவற்றில் பெரும்பாலானவை உங்களிடம் வராது. எல்லாமே வரத் தொடங்கினால் வேலை நகராது. ஆனால் பயனர் கையில் போய்ச் சேரும் பொருள் இந்தச் சின்னச் சின்ன முடிவுகளால்தான் ஆனது.

அதனால் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது டீம் எடுக்கும் முடிவுகள் சரியாக அமைய வேண்டும். அதற்கு என்னென்ன தேவையோ அதெல்லாம் உங்கள் வேலை. இன்ஜினியர்களின் சம்பளம், விடுப்பு, பதவி உயர்வு எல்லாம் பெரும்பாலான இடங்களில் இன்ஜினியரிங் மேனேஜர் கையில் இருக்கும். உங்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. காரணத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும், சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். இந்த இரண்டை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். கீழே உள்ள படிகளை, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு அம்சம் பயனரிடம் போய்ச் சேர்ந்த பிறகு வரை, வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

சேர்ந்ததும் எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று கை பரபரக்கும். கொஞ்சம் அடக்கி வையுங்கள். டீமில் உள்ள ஒவ்வொருவரிடமும் தனியாக அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அறிமுகத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு நான் மூன்று கேள்வி கேட்பது வழக்கம். கோடில் எந்தப் பகுதியைத் தொட உங்களுக்குப் பயம்? கஷ்டப்பட்டுச் செய்து, கடைசியில் யாருமே பயன்படுத்தாமல் போன வேலை எது? ப்ராடக்ட் மேனேஜர்கள் செய்வதில் உங்களுக்கு எரிச்சல் தருவது எது?

முதல் கேள்விக்கு இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் போகும் எந்த வேலையும் நினைத்ததைவிட நாள் இழுக்கும். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில் சில சமயம் கோபம் இருக்கும். குறுக்கே பேசாமல் கேளுங்கள். உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவருக்காக வாதாட வேண்டியதில்லை.

அப்புறம், அனுபவமுள்ள ஒருவரிடம் மொத்த சிஸ்டத்தையும் ஒரு பலகையில் கட்டங்களாக வரைந்து காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு கோட் எழுதத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் எது செர்வரில் ஓடுகிறது, எது பயனரின் போனில் ஓடுகிறது, எந்தக் கட்டம் வெளி நிறுவனத்துடையது, எந்தத் தகவல் உடனுக்குடன் வருகிறது, எது இரவில் ஒரு முறை மட்டும் புதுப்பிக்கப்படுகிறது என்பதெல்லாம் தெரிந்தே ஆக வேண்டும். நீங்கள் வெளியே கொடுக்கும் வாக்கு இதைப் பொறுத்தது. செர்வரில் செய்யும் மாற்றம் காலையில் போய், பிழை இருந்தால் மதியமே திரும்பிவிடலாம். மொபைல் ஆப்பில் மாற்றம் என்றால் கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் இரண்டும் பார்த்து அனுமதிக்க வேண்டும். பிறகு பயனர் அப்டேட் செய்ய வேண்டும். பலர் மாதக்கணக்கில் செய்ய மாட்டார்கள். அதனால் பழைய ஆப்பும் புது ஆப்பும் ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் பதில் சொல்லும்படி செர்வரை வைத்திருக்க வேண்டும். "ஒரு சின்ன மாற்றத்துக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள்" என்ற கேள்விக்குப் பல நேரம் பதில் இங்கேதான் இருக்கிறது.

இதோடு, வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அழைப்புகளைக் கேளுங்கள். முடிந்தால் ஒரு டெவலப்பரையும் கூடவே கூட்டிப் போங்கள்.

2. தீர்வைக் கொண்டு போகாதீர்கள், பிரச்சினையைக் கொண்டு போங்கள்

நான் வேலை பார்த்த ஓர் ஆன்லைன் விற்பனைத் தளத்தில், ஆர்டரை ரத்து செய்யும் வசதி கிடையாது. போன் செய்துதான் ரத்து செய்ய வேண்டும். நான் முதலில் எழுதிய டிக்கெட் (டீமிடம் ஒரு வேலையைக் கேட்டு எழுதும் குறிப்பு) இப்படி இருந்தது:

"ஆர்டர் பக்கத்தில் 'ரத்து செய்' பட்டன் வேண்டும். சிவப்பு நிறம். அழுத்தினால் ஆர்டர் ரத்தாகி, பணம் திரும்பப் போக வேண்டும். அவசரம்."

எழுதும்போது எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. டெவலப்பர் படித்துவிட்டு வரிசையாகக் கேட்டார். பொருளைக் கட்டி முடித்த பிறகு அழுத்தினால்? மூன்று பொருளில் ஒன்றை மட்டும் ரத்து செய்யலாமா? கூப்பன் போட்டு வாங்கியிருந்தால் கூப்பன் திரும்பக் கிடைக்குமா? பாதிப் பணம் கார்டிலும் பாதி வாலெட்டிலும் கட்டியிருந்தால்? எதற்கும் என்னிடம் பதில் இல்லை. அவருடைய மதிப்பீடு ஐந்து வாரம்.

அந்த டிக்கெட்டை எடுத்துவிட்டு, சேவைப் பிரிவில் ஒரு வார அழைப்புகளை உட்கார்ந்து படித்தேன். பிறகு எழுதியது இது:

"பிரச்சினை: ஆர்டர் போட்ட சில நிமிடங்களிலேயே மக்கள் தங்கள் தவறைக் கவனிக்கிறார்கள். முகவரி தவறு, அளவு தவறு, ஒரே பொருள் இரண்டு முறை. உடனே நமக்குப் போன் செய்கிறார்கள், வரிசையில் காத்திருக்கிறார்கள். அதற்குள் ஆர்டர் கிடங்குக்குப் போய்விடுகிறது; பிறகு ரத்து செய்தால் நமக்கும் செலவு, அவர்களுக்கும் பணம் வரத் தாமதம்.

யாருக்கு: ஆர்டர் போட்டு அரை மணி நேரத்துக்குள் தவறைக் கவனிப்பவர்கள். ரத்து கேட்டு வந்த அழைப்புகளில் பெரும்பகுதி இவர்களுடையது.

சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்: ரத்துக்காக வரும் அழைப்புகள் பாதிக்கும் கீழே குறைய வேண்டும்.

இப்போதைக்குச் சேராதவை: கிடங்குக்குப் போன ஆர்டர்கள். ஒரு பொருளை மட்டும் ரத்து செய்வது.

எனக்குத் தெரியாதவை: கூப்பனை என்ன செய்வது. நிதிப் பிரிவில் கேட்டு வியாழக்கிழமைக்குள் சொல்கிறேன்."

இதில் பட்டன் என்ற சொல்லே கிடையாது. இரண்டு அழைப்புகளின் ஒலிப்பதிவையும், பேசியவர்களின் அனுமதியோடு, டிக்கெட்டில் சேர்த்திருந்தேன். படித்துக் கேட்டுவிட்டு அதே டெவலப்பர் சொன்னது எனக்குத் தெரியவே தெரியாத விஷயம். கார்டில் பணம் கட்டும்போது இரண்டு கட்டம் உண்டு. முதலில் வங்கி அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கிறது. பிறகுதான் கடைக்காரர் அதை எடுத்துக்கொள்கிறார். "ஆர்டரைக் கிடங்குக்கு அனுப்பாமல் முதல் 20 நிமிடம் நாமே பிடித்து வைப்போம். பணத்தை அதுவரை எடுக்காமல் விடுவோம். அந்த நேரத்துக்குள் ரத்து செய்தால் ஒதுக்கீட்டை விடுவித்தால் போதும், ரீஃபண்டு வேலையே கிடையாது" என்றார். ஐந்து வார வேலை எட்டு நாளில் முடிந்தது.

முதல் டிக்கெட்டில் நான் தீர்வைக் கையில் கொடுத்திருந்தேன். அதனால் அவருடைய மூளையில் பாதியை நானே பூட்டி வைத்தேன். காரணம் தெரிந்ததும் அவருக்குத் தெரிந்த வழிகள் எல்லாம் திறந்துகொண்டன.

இந்த டிக்கெட்டில் "எனக்குத் தெரியாதவை" என்ற பகுதியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். புதியவர்கள் பலர் எல்லாம் தெரிந்ததுபோல் பூசி மெழுகிவிடுவார்கள். தெரியாததை எழுதி, எந்த நாளுக்குள் பதில் வரும் என்றும் எழுதினால், டெவலப்பர் அந்த இடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைத் தொடங்கலாம்.

எழுதியதை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டுப் போகவும் வேண்டாம். ஒரு டெவலப்பர், ஒரு டெஸ்டர், நீங்கள், மூன்று பேரும் அரை மணி நேரம் உட்காருங்கள். குறிப்பாக டெஸ்டரை விட்டுவிடாதீர்கள். "இரண்டு போனில் ஒரே அக்கவுண்டைத் திறந்து வைத்து, ஒன்றில் ரத்து, இன்னொன்றில் முகவரி மாற்றம் செய்தால்?" என்று கேட்பவர் அவர்தான். இந்தக் கேள்வி கோட் எழுதும் முன்பு வந்தால் ஒரு வரி பதில். எழுதிய பிறகு வந்தால் மூன்று நாள் வேலை.

3. எத்தனை நாள் ஆகும் என்று கேட்கும் விதம்

மதிப்பீடு என்பது அன்றைக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்லும் கணிப்பு. அதை வாக்குறுதியாக மாற்றி வெளியே கொண்டு போவது நாம்தான். பிறகு நாள் தவறினால் டீம் மீது வருத்தப்படுவதும் நாம்தான்.

எனக்கு இது பட்டுத்தான் புரிந்தது. முதல் வருடத்தில், ஒரு பெரிய வாடிக்கையாளருடன் நடந்த கூட்டத்தில், அவர்கள் கேட்ட ஒரு ரிப்போர்ட் மாதக் கடைசிக்குள் வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். டீமிடம் கேட்கவில்லை. சுலபமான வேலை என்று எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான். டீம் இரண்டு வார இறுதி நாட்களைக் கொடுத்து முடித்தது. ரிப்போர்ட்டில் ஒரு கூட்டல் தவறாக வந்து, அதைச் சரிசெய்ய இன்னொரு வாரம் போனது. அதையெல்லாம்விட எனக்கு அதிகம் வலித்தது வேறு. அதுவரை சிக்கல் எதுவும் தலைகாட்டியதுமே என்னிடம் வந்து சொல்லும் மூத்த டெவலப்பர் ஒருவர், அதன் பிறகு பல மாதம் என்னிடம் தானாக எதையும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அவரைப் பழையபடி பேச வைக்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.

அதனால் யாராவது கூட்டத்தில் தேதி கேட்டால் ஒரே பதிலைப் பழகிக்கொள்ளுங்கள்: "டீமிடம் கேட்டுவிட்டு வியாழக்கிழமை சொல்கிறேன்." வியாழக்கிழமை கட்டாயம் சொல்லுங்கள்.

டீமிடம் கேட்கும்போது ஒரே எண்ணைக் கேட்காதீர்கள். எல்லாம் நல்லபடியாகப் போனால் எத்தனை நாள், இழுத்தால் எத்தனை நாள், எது நடந்தால் இழுக்கும் என்று கேளுங்கள். மூன்றாவதுதான் முக்கியமான கேள்வி. "அந்த வெளி நிறுவனத்தின் ஏபிஐ (அவர்கள் சிஸ்டத்தோடு நம் சிஸ்டம் பேசும் வழி) சொன்னபடி வேலை செய்யாவிட்டால் இழுக்கும்" என்று பதில் வந்தால், மற்றதை எல்லாம் விட்டுவிட்டு முதல் இரண்டு நாளில் அந்த ஏபிஐயை மட்டும் சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். அதன் பிறகு வரும் மதிப்பீடு பெரும்பாலும் நம்பத் தகுந்ததாக இருக்கும்.

பிளானிங் போக்கர் என்ற முறை பல டீம்களில் உண்டு. 2002இல் ஜேம்ஸ் கிரென்னிங் விவரித்தது. எல்லோரும் தங்கள் மதிப்பீட்டு எண் உள்ள சீட்டை ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டுவார்கள். அப்படிக் காட்டுவதால் மூத்தவர் சொன்ன எண்ணை மற்றவர்கள் பின்பற்றுவது நடக்காது. ஒருவர் 2 காட்டி இன்னொருவர் 13 காட்டினால், இருவரும் வேறு வேறு வேலையை மனதில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அவர்கள் பேசுவதைக் கவனமாகக் கேளுங்கள். உங்கள் டிக்கெட்டில் எது விடுபட்டது என்று அங்கே தெரியும். நீங்கள் சீட்டு எடுக்காதீர்கள்.

வந்த எண்ணில் பேரம் பேசாதீர்கள். "இவ்வளவு சின்ன வேலைக்கா?" என்று ஒரு முறை கேட்டுவிட்டால், அடுத்த முறை இன்ஜினியர் உங்களுக்குப் பிடித்த எண்ணைச் சொல்லுவார், அல்லது பேரத்துக்கும் சேர்த்துக் கூட்டிச் சொல்லுவார். இரண்டுமே உங்களுக்குப் பயன்படாது. நாள் போதவில்லை என்றால் வேலையைக் குறையுங்கள். எதை எடுத்தால் நாள் குறையும் என்று அவர்களையே கேளுங்கள்.

ஆளைச் சேர்த்தால் வேகமாகும் என்ற யோசனையும் மேலிடத்திலிருந்து வரும். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத் திட்டத்தை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார்: ஏற்கெனவே தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக்கொடுப்பவர், வேலையில் மூழ்கியிருக்கும் அதே ஆள்தான். அதோடு, 4 பேர் இருந்தால் ஒருவருக்கொருவர் பேச வேண்டிய இணைப்புகள் 6. 8 பேர் ஆனால் 28. மேலிடத்தில் பேசும்போது இந்தக் கணக்கு எனக்குப் பல முறை கைகொடுத்திருக்கிறது.

4. வேலை நடக்கும்போது

தினசரி ஸ்டாண்ட்-அப் 15 நிமிடம். அது டெவலப்பர்கள் தங்களுக்குள் அன்றைய வேலையை ஒழுங்கு செய்துகொள்ளும் நேரம். நீங்கள் போகலாம், கேட்கலாம், கேட்டால் பதில் சொல்லலாம். ஒவ்வொருவரையும் பார்த்து "இது எந்த அளவில் இருக்கு?" என்று விசாரிக்கத் தொடங்கினால், அடுத்த நாளிலிருந்து எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். சிக்கலில் மாட்டிக்கொண்டவர் அதைச் சொல்ல மாட்டார்.

கூட்டங்களை நாளின் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். கோட் எழுதுபவர் ஒரு பிரச்சினையின் எல்லா முனைகளையும் தலைக்குள் ஏற்றி வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார். 11 மணிக்கு ஒன்று, 3 மணிக்கு ஒன்று என்று கூட்டம் வைத்தால், நடுவில் இருக்கும் நேரம் காலண்டரில் காலியாகத் தெரியும். அதில் பெரிய வேலை எதுவும் நடக்காது.

டெவலப்பர் கேட்கும் கேள்விக்குச் சீக்கிரம் பதில் சொல்லுங்கள். இந்த வேலையில் இதைவிட மலிவாகச் செய்யக்கூடிய உதவி எனக்குத் தெரிந்து கிடையாது. பதில் தெரியாவிட்டால், எப்போது தெரியும் என்றாவது சொல்லுங்கள். பதிலைத் தனிப்பட்ட மெசேஜில் சொல்லாமல் டீம் முழுக்கப் பார்க்கும் இடத்தில், காரணத்தோடு எழுதுங்கள். "20 நிமிடம் போதும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் முதல் 10 நிமிடத்திலேயே அழைக்கிறார்கள்" என்று எழுதினால், அந்த ஒரு வரியை வைத்தே இன்னும் நாலு கேள்விக்கு அவர்களே பதில் கண்டுபிடிப்பார்கள்.

யாருக்கும் தெரியாமல் ஒரு டெவலப்பரின் மேசைக்குப் போய் "இது மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொடுங்களேன்" என்று கேட்காதீர்கள். அவர் மறுக்கக் கூச்சப்படுவார். அவருடைய உண்மையான வேலை சத்தமில்லாமல் பின்தங்கும்.

சரி, நிஜமாகவே ஏதோ மாறிவிட்டது, நடுவில் திசை திருப்ப வேண்டும் என்றால்? பல டீம்கள் பின்பற்றும் ஸ்க்ரம் என்ற வேலைமுறையின் வழிகாட்டி, ஸ்பிரின்ட் (சில வாரங்கள் ஓடும் ஒரு வேலைச் சுற்று) இலக்கைக் கெடுக்கும் மாற்றத்தைத்தான் தடுக்கிறது. வேலையின் அளவை டீமோடு பேசி மாற்றிக்கொள்ள இடமுண்டு. பேசும்போது மூன்றைச் சொல்லுங்கள்: வெளியே என்ன மாறியது, புதியது உள்ளே வருவதற்காக எது வெளியே போகிறது, இதுவரை செய்தது என்ன ஆகும். இரண்டாவதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் திசை திருப்பவில்லை, சுமையை ஏற்றுகிறீர்கள். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுவார்கள். நாலு நாள் யோசித்து எழுதிய கோட் ஒதுக்கப்படும்போது, அதை எழுதியவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

5. "முடியாது" என்று சொல்லும்போது

இன்ஜினியர் முடியாது என்றால் நாலு விதமான பொருள் இருக்கலாம். நிஜமாகவே செய்ய வழியில்லை. வழியிருக்கிறது, நீங்கள் சொன்ன நாளுக்குள் முடியாது. செய்யலாம், ஆனால் பின்னால் பெரிய தலைவலியாகும். செய்யலாம், ஆனால் எதற்கு என்றே புரியவில்லை. கடைசி வகைதான் அதிகம் என்பது என் அனுபவம்.

ஒரு முறை நடந்த பேச்சு:

"தேடல் முடிவுகள் உடனுக்குடன் மாறணும்னு கேட்டிருக்கீங்க. அது முடியாது."

"எது இடிக்குது?"

"பொருள் இருப்பு இரவில் ஒரு முறைதான் தேடலுக்கு வருது. உடனுக்குடன்னா அந்தப் பாதையையே மாத்தி எழுதணும்."

"என் கவலை ஒண்ணுதான். தீர்ந்துபோன பொருளைத் தேடல்ல பார்த்துட்டு, உள்ளே போய் ஏமாந்து திரும்புறாங்க."

"அதுக்கு உடனுக்குடன் வேண்டாமே. தீர்ந்துபோனதை மட்டும் 15 நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பினா போதும். ரெண்டு நாள் வேலை."

"என்ன மாறினால் முடியும்?", "எது இடிக்கிறது?" இந்த இரண்டு கேள்வியையும் பழகிக்கொள்ளுங்கள். எப்படிச் செய்வது என்ற பேச்சில் அவர்கள் முடிவு இறுதியானது. ஏன் செய்கிறோம், எது முதலில் என்பதில் உங்கள் முடிவு. எப்போது என்பதை மட்டும் இருவரும் சேர்ந்து எடுங்கள். இன்ஜினியரிங் மேனேஜரோடு வாரம் ஒரு முறை தனியாகப் பேசி வையுங்கள். கருத்து வேறுபாடு இருந்தால் அங்கேயே தீரட்டும். டீம் முன்னால் அவருக்கு எதுவும் புதுச் செய்தியாக இருக்கக் கூடாது.

6. டெக்னிக்கல் டெப்ட்: பழைய கடன்

கோட் எழுதும்போது இப்போதைக்கு இப்படி இருக்கட்டும் என்று விடுவது பின்னால் வட்டி கேட்கும். 1992இல் வார்ட் கன்னிங்காம் இதைக் கடனோடு ஒப்பிட்டார், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வட்டி என்பது, அதன் பிறகு அந்தப் பக்கம் செய்யும் ஒவ்வொரு வேலையும் எடுக்கும் கூடுதல் நேரம்.

2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததை நான் அடிக்கடி சொல்வதுண்டு. 2003க்குப் பிறகு பயன்படுத்தாத ஒரு பழைய கோட் நீக்கப்படாமல் சிஸ்டத்திலேயே கிடந்தது. புது மென்பொருள் எட்டு செர்வரில் ஏழுக்கு மட்டும் போனது. விடுபட்ட ஒன்றில், பழைய கோடை இயக்கிய அதே சுவிட்சைப் புது வேலைக்காகத் தட்டியதும் பழையது உயிர்பெற்றது. சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கும் மேல் இழப்பு. "இந்தப் பழைய கோடை எடுத்துவிடலாமா?" என்று ஓர் இன்ஜினியர் கேட்கும்போது, "அதனால் பயனருக்கு என்ன லாபம்?" என்று தட்டிக் கழிக்கும் முன் இதை நினைத்துக்கொள்வேன்.

எல்லாக் கடனையும் உடனே அடைக்க முடியாது. எதை முதலில் என்று முடிவு செய்ய ஒரு கேள்வி போதும்: இதைத் தொடாமல் விட்டால், அடுத்த ஆறு மாதத்தில் நாம் செய்ய நினைக்கும் வேலைகளில் எவை தாமதமாகும், எது உடையலாம்? பதிலை இன்ஜினியர் சொல்ல, நீங்கள் மேலிடத்துக்குப் புரியும் சொற்களில் எழுதுங்கள். நான் ஒவ்வொரு ஸ்பிரின்டிலும் ஐந்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவேன். நெருக்கடி வந்தாலும் அதில் கை வைப்பதில்லை.

7. ரிலீஸும், உடையும் நாளும்

புது அம்சத்தை முதலில் சிலருக்கு மட்டும் திறந்து பாருங்கள். கோளாறு தெரிந்தால் யார், எப்படித் திரும்பப் பெறுவது என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். வார இறுதிக்கு முந்தைய மாலையில் வெளியிட வேண்டாம்.

ஒருநாள் ஏதாவது நிச்சயம் உடையும். அன்றைக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, இன்ஜினியர்களிடம் யாரும் போய் "எப்போ சரியாகும்?" என்று கேட்காமல் பார்த்துக்கொள்வது. எல்லாக் கேள்வியும் உங்களிடம் வரட்டும். இன்ஜினியர்களில் ஒருவரிடம் மட்டும் அரை மணிக்கு ஒரு முறை நிலவரம் கேட்டு, வெளியே நீங்கள் சொல்லுங்கள். எல்லாம் அடங்கிய பிறகு நடக்கும் கூட்டத்தில் யார் செய்தது என்று கேட்காதீர்கள். எது அதை நடக்க விட்டது என்று கேளுங்கள். தவறு செய்தவர் பயமில்லாமல் முழுக் கதையையும் சொன்னால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும்.

"எப்போதுமே நிற்கக் கூடாது" என்று விற்பனைப் பிரிவு கேட்டால் எண்ணில் பேசுங்கள். 99.9 சதவீத நேரம் ஓட வேண்டும் என்றால் 30 நாளில் சுமார் 43 நிமிடம் நிற்கலாம். 99.99 என்றால் சுமார் 4 நிமிடம்தான். 4 நிமிடத்துக்குள் ஒரு மனிதர் எழுந்து லேப்டாப்பைத் திறக்கக்கூட முடியாது. எல்லாம் தானாகச் சரியாகும்படி கட்ட வேண்டும். அதற்கான வேலைக்கு எதை நிறுத்தி வைப்பது என்று அடுத்த கேள்வி தானாக வரும்.

8. முடிந்த பிறகு முடிவைக் கொண்டு வந்து காட்டுங்கள்

இது எல்லா இடத்திலும் விட்டுப்போகும் படி. டீம் செய்து முடிக்கிறது, அடுத்த டிக்கெட் வருகிறது, முந்தையது என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. வெளியிட்டு இரண்டு வாரம், பிறகு இரண்டு மாதம் கழித்து, டிக்கெட்டில் "எப்படித் தெரியும்" என்று எழுதிய எண்ணை எடுத்துக்கொண்டு டீம் முன்னால் போங்கள். குறையாவிட்டாலும் காட்டுங்கள். என் கணிப்பு தவறு என்றால் தவறு என்று சொல்லிவிடுவேன். மேலிடத்தில் பாராட்டு கிடைத்தால், யார் யோசனை அது என்று பெயரோடு சொல்லுங்கள்.

அந்த ரத்து வசதி வெளியாவதற்கு முந்தைய நாள் டெஸ்ட் வெர்ஷனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்டர் பக்கத்தில் "இன்னும் 14 நிமிடம் வரை மாற்றலாம்" என்று ஒரு வரி, நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே வந்தது. டிக்கெட்டில் நான் அதைக் கேட்கவில்லை, வடிவமைப்பிலும் அது இல்லை. டெவலப்பரிடம் கேட்டேன். "நீங்க சேர்த்திருந்த ரெண்டாவது ஒலிப்பதிவுல அந்த அம்மா, 'இன்னும் நேரம் இருக்கா இல்லையான்னே தெரியலையே'ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அதான் போட்டேன்" என்றார்.